பொருள்கள் பட்ட பாடு

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில், கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை ஒன்று நிற்கிறது. தாமஸ் பேங்க்ஸ் என்ற ஆங்கிலேயச் சிற்பி செதுக்கியது. வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டியது பீடத்தை. இரண்டு சிறுவர்களைக் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. 1792இல் மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான், உடன்படிக்கைப் பணத்தைக் கட்டி முடிக்கும்வரை தன் மகன்கள் இருவரைப் பிணையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. மூத்தவனுக்கே பத்து வயதுதான் இருக்கும். பையன்களைச் சென்னைக்குக் கொண்டுவந்து 1794 வரை இங்கே வைத்திருந்தார்கள். திண்டுக்கல்லும், இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்கள் அடங்கிய பாராமகாலும் கும்பினியின் கைக்குப் போனது அதே உடன்படிக்கையில்தான். நம் ஊர்களில் பல எப்படிக் கைமாறின என்பதற்கான ரசீது அந்தப் பீடத்தில் இருக்கிறது. அந்தக் காட்சியைச் செதுக்கச் சொன்னவர்களுக்கு அது கருணையின் சித்திரம். தோற்றவனின் பிள்ளைகளைத் தந்தைபோல் ஏற்றுக்கொள்கிறார் கார்ன்வாலிஸ்.

அதே கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு கொடி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை அந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட மூவண்ணக் கொடி. பட்டுத்துணி, 12 அடி நீளம், 8 அடி அகலம். பளிங்குச் சிறுவர்களுக்கும் அந்தக் கொடிக்கும் இடையே சில படிக்கட்டுகளும் 155 ஆண்டுகளும் இருக்கின்றன. எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். எல்லோரும் கொடியின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே இருக்கும் பீடத்தைப் பார்க்காமல் மேலே இருக்கும் துணியின் கனம் எப்படிப் புரியும் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

அருங்காட்சியகத்தில் ஒரு பொருளைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, இது எந்தக் காலத்தது என்பது. நல்ல கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். செய்தவன் கையை விட்டுப் போன பிறகு அதற்கு என்னென்ன நேர்ந்தது? யார் புதைத்தார்கள், யார் தோண்டினார்கள், எந்தக் கப்பலில் போயிற்று, எந்தச் சட்டத்தின்படி இந்தப் பெட்டிக்குள் வந்தது? இந்தியா தன்னை எப்படி ஒரு தேசமாக நினைத்துக்கொண்டது என்பதை நான் கொஞ்சமாவது புரிந்துகொண்டது இந்தப் பின்கதைகளிலிருந்துதான். பொருளின் அழகு எனக்கு இரண்டாம்பட்சம்.

ரூபாய் நோட்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கும் சிங்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் சாரநாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழடி உயரம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மணற்கல்லின் மெருகு மங்கவில்லை. முத்திரையில் மூன்று சிங்கங்கள்தாம் தெரியும், கல்லில் நான்கு. சிங்கங்களின் தலைக்கு மேல் ஒரு காலத்தில் பெரிய தர்மச் சக்கரம் ஒன்று இருந்தது. அதன் உடைந்த துண்டுகள்தாம் கிடைத்தன. அடியில் கவிழ்ந்த தாமரை இருக்கிறது; நாம் முத்திரையில் அதை விட்டுவிட்டோம். ஆக, மௌரியச் சிற்பி செய்தது வேறு, நாம் எடுத்துக்கொண்டது வேறு.

அசோகரின் நினைவு இந்த மண்ணில் இடையறாமல் வந்தது என்று நினைப்பவர்கள் சாரநாத்தின் கதையைக் கேட்க வேண்டும். 1794இல் காசியில் ஜகத் சிங் என்பவரின் ஆட்கள் ஒரு சந்தை கட்டுவதற்காக அங்கிருந்த பெரிய தூபியை இடித்துச் செங்கல் எடுத்தார்கள். யார் கட்டிய தூபி என்பது அவர்களுக்குத் தெரியாது. தூண்களிலும் பாறைகளிலும் இருந்த எழுத்தை வாசிக்க நாட்டில் ஓர் ஆள் இல்லை. 1837இல் கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினார். அதில் 'தேவானாம்பிய பியதசி' என்று ஓர் அரசன் பேசினான். அவன் யார்? விடை இலங்கையிலிருந்து வந்தது. அங்கே பணியாற்றிய ஜார்ஜ் டர்னர், பிக்குகள் காத்துவைத்திருந்த பாலி நூல்களிலிருந்து அது அசோகரே என்று காட்டினார். 1915இல் கர்நாடகத்து மஸ்கியில் அசோகர் என்ற பெயரையே சொல்லும் சாசனம் கிடைத்தபோது ஐயம் முற்றாகத் தீர்ந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, ஜெர்மனியில் பிறந்த எர்டெல் என்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் சாரநாத்தைத் தோண்டியபோது சிங்கங்கள் வெளிவந்திருந்தன. 1950 ஜனவரி 26 அன்று அவை நாட்டின் முத்திரை ஆயின.

ஒரு குடியரசின் அடையாளம் இலங்கை பிக்குகளாலும் ஆங்கிலேய அதிகாரிகளாலும் ஒரு பொறியாளரின் மண்வெட்டியாலும் திரும்பக் கிடைத்திருக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு இதில் பெருமைதான். பிரிவினையின் ரத்தம் காயாத ஒரு நாடு, தன் நெடிய வரலாற்றில் வந்துபோன எத்தனையோ வெற்றிவீரர்களைத் தள்ளிவிட்டு, கலிங்கத்தில் ஜெயித்த பிறகு அதற்காக வருந்திக் கல்லில் எழுதிவைத்தவனைத் தேடி எடுத்திருக்கிறது. தானாக வந்து சேர்ந்த பரம்பரைச் சொத்து இல்லை அது. தெரிந்தே எடுத்த முடிவு.

பிரிவினை என்றதும் இன்னொரு பொருள் நினைவுக்கு வருகிறது. மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு கழுத்தணி. வெளிர்பச்சைக் கற்மணிகள், இடையிடையே பொன் வட்டுகள், தொங்கட்டான்களாக அகேட், ஜாஸ்பர் கற்கள். நாலாயிரம் ஆண்டு மண்ணுக்குள் இருந்தும் மணிகள் சிதையவில்லை. 1947க்குப் பிறகு மொகஞ்சதாரோச் சேகரிப்பை இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. முடிவான பிறகு நகைகளையும் பிரித்தாக வேண்டுமே. இந்தக் கழுத்தணியைக் கழற்றி மணிகளை இரண்டு பங்காக்கினார்கள். ஒரு பங்கு டெல்லியில் இருக்கிறது, மற்றது பாகிஸ்தானில். பத்தரை சென்டிமீட்டர் உயரமே உள்ள வெண்கல நடனப்பெண் டெல்லிக்கு வந்தாள். தாடி வைத்த, 'பூசாரி அரசன்' என்று அழைக்கப்படும் கற்சிற்பம் கராச்சியில் இருக்கிறது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் அம்மாவின் அட்டிகையை அறுத்து எடை போட்டதுபோல என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை. கைபர் முதல் குமரி வரை எத்தனை வரைபடம் போட்டு விளக்கினாலும், பிரிவினை என்றால் என்ன என்று அந்தப் பாதிக் கழுத்தணி சொல்வதைப் போலச் சொல்ல முடியாது.

டெல்லி தேசிய அருங்காட்சியகம் பிறந்த விதமும் இதே காலத்தைச் சேர்ந்ததுதான். 1947-48 குளிர்காலத்தில் லண்டன் ராயல் அகாதெமியில் இந்திய, பாகிஸ்தான் கலைகளுக்குப் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அதற்காக நாடெங்கிலுமிருந்து சிலைகளும் ஓவியங்களும் கப்பலேறின. போகும்போது ஒரு நாடு, திரும்பும்போது இரண்டு. திரும்பி வந்த பொருள்கள் டெல்லியில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதிலிருந்து எழுந்ததுதான் தேசிய அருங்காட்சியகம். இப்போது குடியரசுத் தலைவர் மாளிகை என்று நாம் சொல்லும் கட்டடத்தில், 1949 ஆகஸ்ட் 15 அன்று அதை ராஜாஜி திறந்துவைத்தார். ஜன்பத் சாலையில் சொந்தக் கட்டடம் 1960இல்தான் வந்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே தேசத்துக்கு அருங்காட்சியகம் தேவைப்பட்டிருக்கிறது.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான பொருள்களுக்கு வருகிறேன். நாகப்பட்டினத்துப் புத்தர்கள்.

1856 தொடங்கி 1930கள் வரை நாகப்பட்டினத்தில் மண்ணைத் தோண்டத் தோண்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மொத்தம் சுமார் 350. அவற்றில் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மற்றவை உலகம் முழுவதும் சிதறிவிட்டன. நிற்கும் புத்தர் ஒருவரை அருகில் போய்ப் பாருங்கள். உச்சியில் ஒரு தீச்சுடர் எழும்பி நிற்கும். நாகப்பட்டினத்துப் புத்தர்களை அடையாளம் காட்டுவது அந்தச் சுடர்தான். இலங்கையிலும் சயாமிலும் அதன் உறவுக்காரர்களைக் காணலாம். அப்புறம் உடையைப் பாருங்கள், விரல்களைப் பாருங்கள், பீடத்தின் தாமரை இதழ்களைப் பாருங்கள். பக்கத்துக் காட்சிக்கூடத்துச் சிவனையும் உமையையும் வார்த்த அதே மரபின் கைகள். தேன்மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை ஊற்றும் அதே வேலை. பட்டறைக்கு மதம் எந்தத் தடையும் போடவில்லை. இந்தத் திருமேனிகளின் காலம் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரை வருகிறது. பக்தி இயக்கத்தோடு தமிழ்நாட்டில் பௌத்தம் முடிந்துபோயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அந்த வரிசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

இவற்றுக்கு இணையான எழுத்துச் சான்று ஆனைமங்கலம் செப்பேடுகள். 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து, லைடன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டதால் லைடன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றுவிட்டவை. 21 ஏடுகள், ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில், எல்லாவற்றையும் கோத்த வளையத்தில் சோழ முத்திரை. கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராசராசன் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. தஞ்சையில் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த அதே காலம். சிவபாதசேகரன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட மன்னன், கடல் கடந்த ஓர் அரசன் கட்டிய புத்தப் பள்ளிக்கு ஒரு தமிழூரை எழுதிக் கொடுக்கிறான். மகன் ராசேந்திரன் செப்பேடு வெட்டுவித்து அந்தக் கொடையை நிலைநிறுத்துகிறான். பிறகு 1025 வாக்கில் அதே ராசேந்திரனின் கப்பல்கள் அதே கடாரத்தைத் தாக்குகின்றன.

சோழர் செப்பேடுகளில் எல்லை குறிக்கும் பகுதியை வாசிப்பதில் எனக்குத் தனி விருப்பம். கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி, அது சென்ற வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுப்பார்கள். 'பிடி சூழ்ந்து' என்று வரும். எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த வரப்புக்குத் தெற்கு என்று சலிக்காமல் எழுதிக்கொண்டே போவார்கள். பேரரசு என்றதும் நம் கண்ணுக்குப் போர்க்கப்பல்தான் தெரிகிறது. செப்பேடு வரப்பைக் காட்டுகிறது. சோழர் பெருமை பேசும் மேடைகளில் கடாரப் படையெடுப்பு வருகிற அளவுக்குக் கடாரத்தானின் விகாரமும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். இரண்டும் ஒரே வம்சத்தின் கணக்கு.

வேறு செப்புத் திருமேனிகள் எழும்பூருக்கு எப்படி வந்தன? பெரும்பாலும் மண்ணிலிருந்து, 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியாக. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். படையெடுப்பு வந்த நேரங்களில் கோயிலார் தெய்வங்களை மண்ணுக்குள் மறைத்தார்கள். மறைத்தவர்கள் போய்விட்டார்கள், இடம் மறந்துபோயிற்று. பல தலைமுறை கழித்து யாரோ வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது மண்வெட்டி 'ணங்' என்று கேட்கிறது. காட்சிக்கூடத்தில் அந்தத் திருமேனியின் பீடத்தைக் கவனியுங்கள். துளைகளோ வளையங்களோ இருக்கும். உலாவின்போது தண்டு கோக்க வைத்தவை. சிலவற்றின் முகம் தேய்ந்து கண் மூக்கு மழுங்கியிருக்கும். பல நூறு ஆண்டு அபிஷேகமும் விரல்களும் தேய்த்தது. இத்தனை தேய்மானம் இருந்தால் அது எத்தனை தலைமுறைக்குச் சாமியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வீதியில் அது பட்டும் பூவுமாக, முகம் மட்டும் தெரிய வந்தது. வெற்றுடம்போடு நாம் வியக்கும் அந்த இடை வளைவை அந்தக் காலத்துச் சனங்களில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

மண்ணில் கிடைத்ததெல்லாம் கலெக்டரிடம் போகவில்லை. 1976இல் திருவாரூர் அருகே பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தோண்டியெடுத்த நடராசர் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்த கோயிலும் அதன் சிவலிங்கமும் வாதிகள். உடன் கிடைத்த திருமேனிகளோடும் அவ்வூர் மண்ணோடும் ஒப்பிட்டு வல்லுநர்கள் சாட்சி சொன்னார்கள். 1988இல் தீர்ப்பு சாதகமாக வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது, 1991இல் நடராசர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து ஒப்படைத்தார். மீண்டு வரும் திருமேனிகளில் பல ஊர்க் கோயிலுக்குப் போக முடிவதில்லை. திருட்டுப் பயத்தால் அரசுப் பாதுகாப்பு மையங்களில், மற்ற ஊர்ச் சாமிகளோடு வரிசையில் நிற்கின்றன. வழக்கில் ஜெயித்த தேசத்துக்கு அவற்றை ஊரில் வைத்துக் காப்பாற்றும் வழி இன்னும் கைவரவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

ஆந்திரத்து அமராவதித் தூபியின் சிற்பங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து 1799இல் எடுத்துச் செல்லப்பட்ட திப்புவின் மரப்புலி ஆகியவை பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அமராவதிப் பலகை ஒன்றில் இரண்டு பக்கமும் சிற்பம் உண்டு. ஒரு பக்கம் பழையது: மரம், ஆளில்லாத ஆசனம், வணங்கும் மக்கள். புத்தரை உருவமாகக் காட்டாத காலம். சில நூற்றாண்டு கழித்து அதே கல்லைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தில் முழுத் தூபியையும் செதுக்கிவிட்டார்கள். தங்கள் முன்னோர் செதுக்கியதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்க அவர்களுக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மரபு என்பதை நாம் இன்று எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தக் கல்லைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

அரசர்களையும் தெய்வங்களையும் விட்டுக் கொஞ்சம் இறங்கி வருவோம். கீழடியில் கிடைத்த பானையோடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்கள் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. 2023 மார்ச்சில் அங்கே திறந்த அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். கீறல் ஒரே ஆழத்தில் ஓடாது. சூளையில் வெந்து இறுகிய பானையின் மேல் கூரிய கருவியால் அழுத்தி இழுத்த கோடுகள்; சில இடத்தில் கை வழுக்கியிருக்கிறது. கல்வெட்டு பொறிக்கும் தச்சனின் கோடு இப்படி இருக்காது. தன் பானை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள விரும்பிய யாரோ ஒருவரின் கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கிருந்தே தக்களிகளும் தாயக்கட்டைகளும் கிடைத்திருக்கின்றன. கீழடி எவ்வளவு பழையது என்ற சண்டை ஓயாமல் நடக்கிறது, நடக்கட்டும். பேரரசன் எவனும் பெயர் சொல்லாத ஓர் ஊரில், பானை வைத்திருந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்பது ஆண்டுக்கணக்கைவிடப் பெரிய செய்தி.

அமிர்தசரஸ் நகரில், பழைய டவுன் ஹாலில் 2017இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகம் முழுக்க இப்படிப்பட்ட சாமானியப் பொருள்களால் ஆனது. ஒரு புல்காரிப் பூவேலை மேலங்கியும் ஒரு தோல் பெட்டியும் அங்கே உண்டு. கலவரத்துக்கு முன் நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடையது அங்கி, பையனுடையது பெட்டி. தனித்தனியே தப்பித்து வந்த இருவரும் அகதி முகாமின் சோற்று வரிசையில் சந்தித்துப் பின்பு மணந்துகொண்டார்கள். ஓடும்போது எதை எடுத்துக்கொள்வது என்று ஒரு நிமிடத்தில் முடிவு செய்தவர்களின் வீட்டுச் சாமான்களைக் கேட்டு வாங்கி, அவற்றையே வரலாறு என்று வைத்த அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்மூர் அருங்காட்சியகங்களிடம் நான் எதிர்பார்ப்பது இரண்டே விஷயங்கள். முதலாவது, பொருளின் கீழே ஒட்டும் சீட்டு. 'புத்தர், வெண்கலம், 11ஆம் நூ.' என்பதோடு முடித்துவிடுகிறார்கள். எந்தத் தெருவில், எந்த ஆண்டில், என்ன தோண்டும்போது கிடைத்தது. கூட எத்தனை கிடைத்தன, அவை இப்போது எங்கே. எந்தச் சட்டப்படி இங்கே வந்தது. நாலு வரி போதும். பதிவேட்டில் இருக்கும் தகவல்தான், சுவருக்கு வந்தால் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

இரண்டாவது, இல்லாத பொருள். சோழர் செப்பேட்டை எழுத்தெழுத்தாய்க் கொண்டாடுகிறோம். அந்த நிலத்தை உழுதவர்களின் ஆவணமும் இருக்கிறது. ஆளை விலைக்கு விற்ற ஓலைகள். வறுமை தாளாமல் குடும்பத்தோடு கோயிலுக்குத் தங்களை விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகளே பேசுகின்றன. பிற்காலத்து அடிமை ஓலைகள் பல கிடைத்து அச்சிலும் வந்திருக்கின்றன. 1843ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவை செல்லுபடியான பத்திரங்கள். சுந்தரர் கிழித்த ஆளோலையின் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் உண்மையான ஆளோலை ஒன்றைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காப்பகங்களில் இருப்பவற்றைக் கொண்டுவந்து, செப்பேடு இருக்கும் அதே கூடத்தில், அதே அளவுப் பெட்டியில், அதே வெளிச்சத்தில் வைக்க வேண்டும். விற்றவர் பெயர், விற்கப்பட்டவர் பெயர், விலை மூன்றையும் தமிழில் பெரிய எழுத்தில் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.